சென்னை வட்டாரத்தின் நீர் அமைப்புகளை ஒரே ஆணையத்தின் கீழ் கொண்டுவரலாமா?

சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் தண்ணீருக்கென்று இத்தனை வாரியங்களும் துறைகளும் எதற்கு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஆணையத்திடம் ஒப்படைத்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கோடையில் குழாயில் தண்ணீர் வராதபோதும், மழைக்காலத்தில் தெருவில் தேங்கிய தண்ணீர் வடியாதபோதும் யாரைப் பிடித்துக் கேட்பது என்பதே அது. முதலாவது நிர்வாக அமைப்பைப் பற்றியது. இரண்டாவது பொறுப்பைப் பற்றியது. அமைப்புகளை ஒன்றாக்கினால் பொறுப்பும் ஓரிடத்துக்கு வந்துவிடும் என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். சில வேலைகளில் அது உண்மைதான். வேறு சிலவற்றில் ஒன்றாக்குவதே பொறுப்பை மறைத்துவிடும் என்பது என் கருத்து. குடிநீர், வடிகால் பணிகளில் நீண்ட காலம் பொறியாளராக இருந்தவன் என்ற முறையில் குழாய், நீரேற்று நிலையம், ஏரி மதகு ஆகியவற்றைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். வாரியங்களின் கடன், பணியாளர்களின் ஓய்வூதியம், கட்டண நிர்ணயம் போன்றவை என் துறை அல்ல. அவற்றில் என் கருத்துக்குத் தனி எடை எதுவும் இல்லை.

முதலில் யார் கையில் எது இருக்கிறது என்று பார்த்துவிடலாம். சென்னை மாநகரின் குடிநீரும் கழிவுநீரும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியத்தைச் சேர்ந்தவை. அதற்கு வெளியே, மாநிலத்தின் மற்றப் பகுதிகளுக்கான பெரிய கூட்டுக் குடிநீர்த் திட்டங்களை 1971இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் கட்டுகிறது. அந்தத் தண்ணீரை மொத்தமாக வாங்கித் தெருக்குழாய்க்கும் வீட்டுக்கும் கொடுப்பது பேரூராட்சி, நகராட்சி, ஊராட்சிகளின் வேலை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை ஆகிய ஐந்து நீர்த்தேக்கங்களும் சேர்ந்து ஏறத்தாழ 11.75 டி.எம்.சி. கொள்பவை, அவற்றின் மதகுகளை இயக்குவது, 2021இல் பொதுப்பணித் துறையிலிருந்து பிரிக்கப்பட்ட நீர்வளத் துறை. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரியால் பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகளும் அத்துறையுடையவை. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களுடையவை. கோயில் குளம் அறநிலையத் துறைக்கும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி வனத்துறைக்கும், தெருவோர மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கும், அந்த வடிகால் போய்ச் சேரும் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவை நீர்வளத் துறைக்கும் உரியவை. நீர்நிலைகளில் கலக்கும் கழிவைக் கண்காணிப்பது மாசு கட்டுப்பாட்டு வாரியம். இந்தப் பட்டியலைப் பார்த்து உங்களுக்கு எரிச்சல் வருவது நியாயமானதே.

தாளில் இருக்கும் இந்தப் பிரிவினை மண்ணில் எப்படி இருக்கிறது என்பதற்குத் தென்புறநகரின் ஓர் ஏரியைச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பி, உபரிநீரை வெளியேற்றும் கலங்கல் வழியும். கலங்கலும் கரையும் ஒரு துறையுடையவை. உபரிநீர் போகும் கால்வாய் முந்நூறு மீட்டர் தாண்டியதும் ஒரு நெடுஞ்சாலையின் அடியில் சிறுபாலமாக நுழைகிறது. அந்தப் பாலம் வேறொரு துறையுடையது. பாலத்துக்கு அப்பால் பழைய ஆயக்கட்டு நிலம் மனைப்பிரிவாகிவிட்டது. அங்கே கால்வாயே தெருவோரக் கான்கிரீட் வடிகாலாகச் சுருங்கி உள்ளாட்சியின் கணக்கில் சேர்ந்துவிட்டது. பாதாளச் சாக்கடை வராத வீடுகளின் கழிவுநீர் இரவில் அந்த வடிகாலில்தான் விடப்படுகிறது. ஆகவே மழை விட்டு இரண்டாம் நாள் சிறுபாலத்தின் வாயில் நின்று பார்த்தால், ஒரு பக்கம் ஏரியின் தெளிந்த தண்ணீரும் மறுபக்கம் நுரையோடு கறுத்த தண்ணீரும் எதிரெதிரே முட்டிக்கொண்டு நிற்கும். கலங்கலை மணல் மூட்டை வைத்து உயர்த்தச் சொல்லி மிச்சமிருக்கும் விவசாயிகளும், உடைத்துவிடச் சொல்லி மனைவாசிகளும் ஒரே நாளில் ஒரே உதவிப் பொறியாளரிடம் மனு கொடுப்பார்கள். அவருக்கு அதிகாரம் உள்ளது கலங்கல் மீது மட்டும். தண்ணீரை நிறுத்தி வைத்திருப்பதோ அவருக்குச் சொந்தமில்லாத சிறுபாலம்.

இணைப்பினால் உறுதியாகக் கிடைக்கும் நன்மை ஒன்றுண்டு: ஒரே தெருவில் ஒன்றையொன்று பாதிக்கும் குழாய்கள் ஒரே கையில் இருப்பது. குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்று ஒரு வீட்டிலிருந்து புகார் வந்தால், கசிவு குடிநீர்க் குழாயிலா, கழிவுநீர்க் குழாயிலா என்று தோண்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது. சென்னையில் இரண்டும் ஒரே வாரியத்தைச் சேர்ந்தவை என்பதால் ஒரே பணிமனை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஒரே பள்ளத்தில் இரண்டையும் சரிபார்க்க முடிகிறது. அதே தெருவில் கழிவுநீர் மழைநீர் வடிகாலில் ஓடுகிறது என்று புகார் சொல்லிப் பாருங்கள். இணைப்பைத் துண்டிக்க வேண்டியது வாரியம் என்று மாநகராட்சியும், வடிகாலைத் தூர்வார வேண்டியது மாநகராட்சி என்று வாரியமும் சொல்லும்; இரண்டு பதிலும் விதிப்படி சரியாகவே இருக்கும். எனவே தொடர்ந்து கட்டடமாகிவிட்ட நகர்ப்பரப்பில் குடிநீரையும் கழிவுநீரையும் ஒரே நிறுவனம் பார்ப்பது நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. தாம்பரமும் ஆவடியும் இன்று தனி மாநகராட்சிகள். ஆனால் சாலையில் போகிறவருக்குச் சென்னை எங்கே முடிகிறது என்று தெரியாத அளவுக்கு ஊர் ஒட்டிக் கிடக்கும்போது, நீர்க்குழாய் மட்டும் எல்லைக்கல்லில் நிற்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. மழைநீர் வடிகாலையும் அதே நிறுவனத்திடம் கொடுக்கலாமா என்பதில் நான் அவ்வளவு உறுதியாக இல்லை. வடிகாலின் மட்டம் சாலையின் மட்டத்தோடு கட்டுண்டது. சாலை மாநகராட்சியிடமும் வடிகால் வாரியத்திடமும் இருந்தால், சாலையை உயர்த்தும்போதெல்லாம் புதிய சண்டை ஒன்று தொடங்கும்.

ஆனால் இணைப்பு ஆணை ஒரே நாளில் வந்துவிடும், குழாய்கள் இணைய ஒரு தலைமுறை ஆகும் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது 42 உள்ளாட்சிகள் அதில் கரைந்தன. அவற்றின் குடிநீர், கழிவுநீர்ப் பொறுப்பும் குடிநீர் வாரியத்துக்கு மாறியது. பத்தாண்டுகள் கடந்தும் இணைந்த பகுதிகள் பலவற்றில் பாதாளச் சாக்கடைப் பணி முடியவில்லை. கழிவுநீர் லாரிகள்தான் ஓடின. இதை யாருடைய அலட்சியம் என்றும் நான் சொல்லவில்லை. ஒரு ஊராட்சியின் குழாய் எந்த ஆழத்தில், எந்தப் பக்கம், எந்த அளவில் போகிறது என்பது பல இடங்களில் மேல்நிலைத் தொட்டியை இயக்கியவரின் நினைவில் மட்டுமே இருந்தது. அந்த மனிதரைப் பணியில் வைத்துக்கொள்ளாமல் பதிவேட்டை மட்டும் வாங்கிக்கொண்ட இடங்களில், புதிய பொறியாளர் வால்வைத் தேடியே மாதங்களைக் கழித்தார். செலவு குறையுமா என்று கேட்டால், மிகச் சிறிய அமைப்புகளை இணைக்கும்போது நிச்சயம் குறையும். ஆய்வகம், குளோரின் கொள்முதல், மின்மோட்டார் பழுதுபார்ப்பு எல்லாம் பகிர்ந்துகொள்ளப்படும். ஓரளவுக்கு மேல் பெரிதானால் அந்த லாபம் தேய்ந்துவிடுகிறது என்பதே பல நாடுகளின் அனுபவம். சென்னை வாரியம் ஏற்கெனவே பெரியது. ஆகவே சிக்கனத்தை முன்வைத்து இணைப்பைப் பரிந்துரைப்பவர்களின் வாதம் எனக்கு வலுவாகத் தோன்றவில்லை.

இனி நான் மறுக்கும் பகுதிக்கு வருகிறேன். நீங்கள் கேட்பது போன்ற முழுமையான இணைப்பை இங்கிலாந்தும் வேல்ஸும் ஒருமுறை செய்து பார்த்தன. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1974 ஏப்ரல் முதல் நாள், 1,500க்கும் மேற்பட்ட குடிநீர், கழிவுநீர், ஆற்று அமைப்புகளைக் கலைத்துப் பத்து வட்டார நீர் ஆணையங்களை அமைத்தார்கள். எல்லை மாவட்டப்படி வகுக்கப்படவில்லை; ஆற்று வடிநிலப்படி, அதாவது மழைநீர் எந்த ஆற்றில் போய்ச் சேர்கிறதோ அந்த நிலப்பரப்பின்படி வகுக்கப்பட்டது. குடிநீர் எடுப்பது, கழிவுநீரைச் சுத்திகரிப்பது, வெள்ளத்தைத் தடுப்பது, ஆற்றின் தரத்தைக் காப்பது, பிறர் நீர் எடுக்க உரிமம் வழங்குவது என அனைத்தும் ஒரே கூரைக்குள் வந்தன. பழைய தனியார் குடிநீர் நிறுவனங்கள் சிலவற்றை மட்டும் வெளியே விட்டார்கள். பொறியாளரின் கண்ணுக்கு அது மிக அழகான ஏற்பாடு. ஆற்றை ஓர் உடலாகப் பார்க்கும் முயற்சி என்று நானும் மாணவப் பருவத்தில் வியந்து படித்ததுண்டு. நடந்தது வேறு. ஆற்றில் கழிவைக் கலந்தவர்களில் பெரியவை அந்த ஆணையங்களின் சொந்தச் சுத்திகரிப்பு நிலையங்களே. கலக்கக் கூடாது என்று வழக்குப் போட வேண்டியவையும் அவையே. மூலதனச் செலவுக்கு அரசு கட்டுப்பாடு விதித்த எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும், நிலையங்களைச் சீர்செய்யப் பணம் இல்லாதபோது பல இடங்களில் எவ்வளவு கழிவு கலக்கலாம் என்ற அனுமதி வரம்புகள்தாம் தளர்த்தப்பட்டன. 1989இல் குழாய்களும் நிலையங்களும் தனியாருக்குப் போனபோது, ஆற்றைக் காக்கும் பணியைத் தனியே பிரித்துத் தேசிய ஆறுகள் ஆணையம் என்ற அமைப்பிடம் கொடுத்தார்கள். பிரித்ததால் ஆறுகள் தூய்மையாகிவிட்டன என்று நான் சொல்ல வரவில்லை. இன்றும் அங்கே கழிவுநீர் ஆற்றில் விடப்படுவது பெரிய சர்ச்சை, அதற்குத் தனியார்மயமும் கண்காணிப்பின் பலவீனமும் காரணங்கள். ஆனால் குற்றம் செய்யக்கூடியவரும் விசாரிப்பவரும் ஒருவராகவே இருந்த பதினைந்து ஆண்டுகளில், குற்றம் நடந்ததா என்று அறிவதே கடினமாக இருந்தது.

இது தொலைதூரக் கதை அல்ல. 1987ஆம் ஆண்டுச் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம், கிணறு தோண்டவும் நீர் எடுத்துச் செல்லவும் அனுமதி பெற வேண்டும் என்றது. அந்த ஏற்பாட்டில் குடிநீர் வாரியத்துக்கு முதன்மையான இடம் தந்தது. அதே வாரியம் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளின் கிணற்று வயல்களிலிருந்து (கிணறுகள் கூட்டமாக உள்ள இடங்கள்) பல்லாண்டுகளாக நீர் எடுத்து வந்தது. வறட்சி ஆண்டுகளில் திருவள்ளூர் மாவட்ட விவசாயிகளின் பாசனக் கிணற்று நீரையும் விலைக்கு வாங்கி நகருக்குக் கொண்டுவந்தது. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே ஏறியது ஆவணங்களில் உள்ள செய்தி. அதற்கு விவசாயம், தொழிற்சாலை, வாரியம் மூன்றுமே நீர் இறைத்தது காரணம். வாரியத்தின் மேல் பழி போடுவது என் நோக்கமல்ல. ஒரு கோடிப் பேர் தண்ணீருக்குக் காத்திருக்கும்போது எந்தப் பொறியாளரும் மோட்டாரை நிறுத்த மாட்டார்; நானும் நிறுத்தியிருக்க மாட்டேன். அதனால்தான் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் வேறொருவரிடம் இருக்க வேண்டும் என்கிறேன். மாநிலம் முழுவதற்குமாக 2003இல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கு வராமலே கிடந்து 2013இல் நீக்கப்பட்டது. அந்த வெற்றிடத்தை ஒரு மாபெரும் இணைப்பு ஆணையம் நிரப்பாது. அதற்கு முதல் கவலை விநியோகமாகத்தான் இருக்கும்.

2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துக்கொண்டு நீங்கள் கேட்டிருந்தால், அதற்கும் ஒரு பதில் உண்டு. செம்பரம்பாக்கத்திலிருந்து டிசம்பர் முதல் தேதி விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறக்கப்பட்டது. நீர்த்தேக்க இயக்கத்தில் குறை கண்ட தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. இவ்வளவும் உறுதி. அடையாற்றில் வந்த வெள்ளத்தில் எந்தப் பங்கு செம்பரம்பாக்கத்தினுடையது, எந்தப் பங்கு மதகே இல்லாத மேற்கு, தெற்குத் தாம்பரத்து ஏரிகளின் உபரி என்பதில் நீரியல் அறிந்தவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒரே ஆணையம் இருந்திருந்தால் நிலைமை மாறியிருக்குமா? வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் ஊரில் நவம்பர் இறுதியில் ஏரியை நிரப்பி வைப்பது அடுத்த கோடைக்கான காப்பு. காலி இடம் விட்டு வைப்பது இந்த வார வெள்ளத்துக்கான காப்பு. இரண்டு துறைகள் இருந்தால் இந்த முரண்பாடு கடிதப் போக்குவரத்தாக வெளியே தெரியும், ஒரே துறையாக இருந்தால் ஓர் அதிகாரியின் அறைக்குள் முடிந்துவிடும். முரண்பாடு என்னவோ அப்படியேதான் இருக்கும். அதைத் தீர்ப்பது தேதிவாரியாக நீர்மட்டம் எவ்வளவு இருக்கலாம் என்று முன்கூட்டியே எழுதி வெளியிட்ட இயக்க விதி ஒன்றுதான்.

சிங்கப்பூரைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். 2001இல் கழிவுநீரும் வடிகாலும், குடிநீரைப் பார்த்து வந்த பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கையில் சேர்ந்த பிறகு, கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் நியூவாட்டர் திட்டம் அங்கே விரைவாக வளர்ந்தது என்பது உண்மை. குடிநீரும் கழிவுநீரும் ஒரு கையில் இருந்தால் கழிவுநீர் மூலப்பொருளாகிவிடுகிறது. சென்னைக்கு அந்தப் பாடம் முழுமையாகப் பொருந்தும். ஆனால் சிங்கப்பூருக்கு மேல்மடையில் வேறு மாவட்டம் இல்லை, ஆயக்கட்டு விவசாயி இல்லை, ஊராட்சி இல்லை. சென்னையோ ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கிருஷ்ணா நீரையும், கடலூர் மாவட்ட வீராணம் ஏரியிலிருந்து சுமார் 235 கிலோமீட்டர் குழாயில் வரும் நீரையும், 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்த காவிரி நீரையும் குடித்த ஊர். இத்தனை ஊர்களின் நீரைப் பெறும் நகரத்தின் நிறுவனமே அந்த ஊர்களின் நீருக்கும் காவலராக இருந்தால், வீராணத்தை நம்பியிருக்கும் காட்டுமன்னார்கோவில் விவசாயி யாரிடம் முறையிடுவார்? அரசமைப்புச் சட்டத்தின் 73, 74ஆம் திருத்தங்கள் குடிநீரை உள்ளாட்சிகளின் பொறுப்புகளில் சேர்த்திருப்பதையும் கருத வேண்டும். கேரளம் 1984இல் மாநிலம் முழுவதற்கும் ஒரே நீர் ஆணையத்தை அமைத்தது. ஆனால் சிற்றூர்களுக்காக 2000ஆம் ஆண்டிலிருந்து பயனாளிகளே நடத்தும் ஜலநிதி திட்டத்தைத் தனியொரு அமைப்பின் மூலம் அதே மாநிலம் தொடங்க வேண்டியிருந்தது. பெரிய கை சின்னக் குழாயைப் பிடிப்பதில்லை.

ஆகவே என் பரிந்துரை இது. ஒட்டிக் கிடக்கும் நகர்ப்பரப்பு முழுவதற்கும் குடிநீர், கழிவுநீர், மறுபயன்பாடு மூன்றையும் ஒரே வாரியம் பார்க்கட்டும். இன்றைய வாரியத்தின் எல்லையை விரித்தால் போதும். ஆரணியாறு, கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, பாலாறு ஆகிய வடிநிலங்களுக்கு, ஒரு குழாயோ ஒரு மோட்டாரோ சொந்தமாக இல்லாத தனி ஆணையம் ஒன்று வேண்டும். யார் எவ்வளவு எடுக்கலாம் என்று தீர்மானிப்பது, கிணற்று அனுமதி, நீர்த்தேக்க இயக்க விதி, அளவீடு ஆகிய நான்கும் அதன் வேலை. தரமணியில் நீர்வளத் துறையின் கீழ் இருக்கும் நிலத்தடி, மேற்பரப்பு நீர் விவர மையத்தைப் பிரித்து அதன் கீழ் கொண்டுவந்தால் நல்ல அடித்தளம் கிடைக்கும். ஏரிகளை இப்போது வைத்திருப்பவர்களே வைத்திருக்கட்டும். ஆனால் வரத்துக் கால்வாய் தொடங்கும் இடத்திலிருந்து போக்குக் கால்வாய் முடியும் இடம் வரை ஒரே சங்கிலியாகப் பதிவு செய்து, அந்தச் சங்கிலிக்கு ஒரு பொறியாளரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்க வேண்டும். துறைகளைக் கலைக்காமல் சேர்ந்து வேலை செய்ய வைக்க முடியும் என்பதற்கு, 2007இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய ஐயாம்வார்ம் என்ற பாசன, நீர்வள மேலாண்மைத் திட்டம் ஒரு சான்று. நீர்வளம், வேளாண்மை, தோட்டக்கலை, மீன்வளம் எனப் பல துறைகள் துணை வடிநிலவாரியாக ஒரே மேசையில் திட்டமிட்டன. அப்படிப்பட்ட கூட்டுப் பழக்கம் திட்டப் பணம் தீர்ந்த பிறகும் நிலைக்குமா என்பதில்தான் எனக்கு நம்பிக்கை குறைவு. நான் சொல்லும் வடிநில ஆணையமும் கடிதம் எழுதும் அலுவலகமாகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு. மீறியவர் அரசு நிறுவனமாக இருந்தாலும் அபராதம் விதிக்கும் அதிகாரம் சட்டத்திலேயே இல்லாவிட்டால் அதுதான் நடக்கும். நாளை இணைப்பு மசோதா ஒன்று வந்தால், அந்தப் பிரிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அதுவரை உங்கள் தெருவுக்கு: குழாய், கழிவுநீர் மேன்ஹோல் என்றால் குடிநீர் வாரியத்தின் பணிமனை அலுவலகம், தெருவோர வடிகால் என்றால் மாநகராட்சியின் வார்டு உதவிப் பொறியாளர், பெரிய ஏரி, ஆறு என்றால் நீர்வளத் துறையின் உபகோட்ட அலுவலகம். இரண்டு அலுவலகங்கள் ஒன்றையொன்று கைகாட்டினால், திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுங்கள். மனுவில் தீர்வு இன்னதென்று கேட்க வேண்டாம். சிறுபாலம் அல்லது கால்வாய் இருக்கும் இடத்தின் புல எண்ணைக் குறிப்பிட்டு, அந்த இரண்டு துறைகளும் ஒரே நாளில் கூட்டுப் புல ஆய்வு செய்து அறிக்கையின் நகலை உங்களுக்குத் தர வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.